வாசலில் பிரித்தால் வயலுக்கு எரு

(காவாந்தண்டலத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



'குப்பை' என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் இரண்டு பொருள் உண்டு. "வயலுக்குப் பத்து வண்டி குப்பை அடித்திருக்கிறேன்" என்று ஓர் உழவர் சொன்னால், அதைப் பெருமையோடு சொல்கிறார். "தெருவெல்லாம் குப்பை" என்று அதே உழவர் சொன்னால், முகம் சுளித்துச் சொல்கிறார். முன்பெல்லாம் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். தெருவில் கூட்டியது எருக்குழிக்குப் போயிற்று. எருக்குழியில் மக்கியது வயலுக்குப் போயிற்று. இன்று இரண்டும் பிரிந்து நிற்கின்றன. அவை ஏன் பிரிந்தன, மீண்டும் எப்படிச் சேர்ப்பது, காவாந்தண்டலம் போன்ற சிற்றூரில் வாழும் நாம் அதற்கு என்ன செய்யலாம் என்பதே இந்த உரையின் பொருள்.

வயலை விட்டுப் போகும் சத்து

ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. அதனுடன் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வெளியேறுகின்றன. வைக்கோலில் உள்ள சத்தில் ஒரு பகுதி மாட்டுக்குப் போய், சாணமாகத் திரும்பி வருகிறது. ஆனால் விற்ற நெல்லில் உள்ள சத்து திரும்புவதில்லை. அது உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போகிறது. காய்கறியும் கரும்பும் வேர்க்கடலையும் அப்படியே. நகரத்தில் அது சோறாகி, காய்கறித் தோலாகி, எச்சில் இலையாகி, கடைசியில் குப்பைமேட்டில் விழுகிறது.

ஆகவே நகரத்துக் குப்பைமேட்டில் கிடப்பதில் ஒரு பெரும்பகுதி நம் வயலின் சொத்து. அதற்கு ஈடாக நாம் யூரியாவும் டி.ஏ.பி.யும் வாங்கிப் போடுகிறோம். தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்றையும் மூட்டையில் வாங்கலாம். மண்ணுக்குப் பிடிமானமும் ஈரத்தைத் தாங்கும் சக்தியும் தருகிற அங்ககப் பொருளை அப்படி மூட்டையில் வாங்க முடியாது. நெல்லுக்கு எக்டருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இட வேண்டும் என்பது பரிந்துரை. கறவை மாடும் உழவு மாடும் குறைந்துவிட்ட இக்காலத்தில், ஏக்கருக்கு 5 டன் யாரிடம் இருக்கிறது? அதனால்தான் குப்பையைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

முன்பு இருந்த வழி

நகரத்தின் கழிவை நிலத்துக்குத் திருப்பித் தருவது புதிய யோசனையன்று. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து, பயிர்க் கழிவையும் சாணத்தையும் அடுக்கி மக்க வைக்கும் முறையை வகுத்தார். அது இந்தூர் முறை எனப்படுகிறது. நகரக் குப்பைக்கென்றே பெங்களூரில் டாக்டர் சி. என். ஆச்சார்யா 1939-ல் ஒரு முறையை உருவாக்கினார். நீண்ட குழியில் குப்பையையும் மலக்கழிவையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண் மூடி மக்கவிடுவது அது. அதற்குப் பெங்களூர் முறை என்று பெயர். 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் நடந்த 1940-களில் நாட்டின் பல நகரங்களில் கம்போஸ்ட் தயாரிப்பு ஊக்குவிக்கப்பட்டது.

அதன் அடையாளம் இன்றும் சொல்லில் நிற்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் நகராட்சிக் குப்பை கொட்டும் இடத்தை மக்கள் இன்னும் 'உரக்கிடங்கு' என்றே அழைக்கிறார்கள். பெயர் உரக்கிடங்கு, உள்ளே போய்ப் பார்த்தால் பாலிதீன் மலை. பெயருக்கு ஏற்ற பொருள் அங்கே இல்லாமல் போனது எப்படி?

எங்கே கெட்டது?

குப்பையின் அளவு பெருகியது ஒரு காரணம். ஆனால் அது கலந்து போனதே முதன்மையான காரணம். அக்காலக் குப்பையில் சாம்பல், மண், இலை, தோல், சாணம் ஆகியவை இருந்தன. எல்லாம் மக்கும் பொருள்கள், கலந்தாலும் குற்றமில்லை. இன்று அதே கூடையில் பால் கவர், ஷாம்பூ பாக்கெட், உடைந்த கண்ணாடி, டார்ச் செல், டியூப்லைட், மருந்து ஊசி எல்லாம் விழுகின்றன. மக்கும் பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மக்காத பொருளோடு ஒருமுறை கலந்துவிட்டால் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. வாசலில் அரை நிமிடத்தில் முடிகிற வேலையைக் கிடங்கில் நூறு பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாமல் போகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் நூற்றுக்கு 2 பங்கு கலந்த எருவை ஏக்கருக்கு 5 டன் இடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடவையில் 100 கிலோ பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் உங்கள் ஏக்கரில் இறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை இப்படிப் பத்து ஆண்டுகள் இட்டால் ஒரு டன்! எரு மக்கி மறைந்துவிடும், பிளாஸ்டிக் மறையாது. வெயிலில் நொறுங்கிச் சிறு துணுக்காகி மண்ணோடு தங்கிவிடும். கண்ணாடித் துண்டு நாற்று நடும் பெண்களின் கைகளையும் கால்களையும் பதம் பார்க்கும்.

கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. பேட்டரி, பெயின்ட் டப்பா, மின் சாதனங்களின் உடைசல் ஆகியவற்றிலிருந்து ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் எருவில் சேர்கின்றன. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகரக் கம்போஸ்டில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வரம்பில் உள்ள எருவிலேயே 5 டன் இட்டால் ஏக்கருக்கு அரை கிலோ ஈயம் சேர்கிறது. ஒரு தடவையில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஈயம் மழையில் எளிதில் கரைந்து போவதில்லை. பயிர் எடுத்துத் தீர்ந்து போவதுமில்லை. போட்டது சேர்ந்துகொண்டே இருக்கும். தழைச்சத்து கூடிப்போனால் அடுத்த பருவத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஈயத்துக்கு அந்த வழி இல்லை.

கால்நடைகளின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். மிஞ்சிய சோற்றைப் பாலிதீன் பையில் முடிந்து தெருவில் எறிகிறோம். பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றை அறுவை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். அந்தப் பசுவுக்கு மருத்துவர்கள் கிடைத்தார்கள். கிராமத்தில் எத்தனையோ மாடுகள் "தீனி எடுக்கவில்லை, வயிறு உப்பிவிட்டது" என்ற பேச்சோடு போய்விடுகின்றன.

நம் எருக்குழியின் நிலை

இதைக் கேட்டு, "இதெல்லாம் நகரத்தார் செய்யும் குற்றம்" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள எருக்குழியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். சாணத்தோடும் வைக்கோல் கூளத்தோடும் பாக்குப் பொட்டலம், மசாலா பாக்கெட், மாத்திரை அட்டை, கிழிந்த பை எல்லாம் வரும். வீடு பெருக்கிய கூடையை அப்படியே குழியில் கவிழ்க்கும் பழக்கம் அக்காலத்துக் குப்பைக்குச் சரியாக இருந்தது. இக்காலக் குப்பைக்கு அது பொருந்தாது. நகரத்து உரக்கிடங்குக்கு நேர்ந்ததே சிறிய அளவில் நம் எருக்குழிக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே திருத்தம் நம் வாசலில் தொடங்க வேண்டும்.

விலை உள்ள பொருள் வயலில் கிடக்காது

பழைய நாளில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவி வருவார்கள். ஓட்டைச் செம்பும் நெளிந்த தட்டும் ஒன்றுகூடத் தெருவில் கிடந்ததில்லை. பிள்ளைகள் தேடித் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். காரணம், அதற்கு ஒரு விலை இருந்தது. இன்று அந்த வேலையைக் காயலான் கடைகளும் பழைய பேப்பர் கடைகளும் செய்கின்றன. இரும்பு உருக்கப்பட்டுக் கம்பியாகிறது. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கே பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்கத் தேவைப்படுகிறது. பழைய காகிதமும் அட்டையும் ஆலைக்குப் போய்க் கூழாகி மீண்டும் அட்டையாகின்றன. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் நூலாக இழுக்கப்பட்டுத் துணியாகவும் மாறுகிறது.

விலை வைத்தால் பொருள் திரும்பி வரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. நீலகிரி மலையில் மதுப் பாட்டில்கள் காடெங்கும் உடைந்து கிடந்து, யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, 2022 மே மாதம் முதல் அம்மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வரப்போரத்தில் உடைந்த பாட்டிலை மிதித்தவர்களுக்கு இந்த 10 ரூபாயின் அருமை விளங்கும்.

விலை இல்லாத பொருளே நம்மைத் தொல்லைப்படுத்துகிறது. மெல்லிய பாலிதீன் பையும் பல அடுக்கு மசாலா பாக்கெட்டும் காயலான் கடையில் எடுபடுவதில்லை. இவற்றை முதலில் வாங்காமல் தவிர்ப்பதே சிறந்தது. இதற்காகவே தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. மீறி வந்து சேரும் பிளாஸ்டிக்குக்கும் சில வழிகள் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான சல்லியின் மேல் உருகிப் படியச் செய்து, பின்னர் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் சாலைக்கும் சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக்தான் வேண்டும். குழம்பு ஒட்டிய பை அதற்கும் உதவாது. எருவுக்கும் சரி, சாலைக்கும் சரி, தொடக்கத்திலேயே பிரிப்பதுதான் அடிப்படை.

வீட்டில் செய்ய வேண்டியவை

மத்திய அரசின் 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குபவரே அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வகுத்தன. இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஒரு பழைய வாளி, ஒரு யூரியா சாக்கு, ஒரு மூடி போட்ட டப்பா ஆகிய மூன்றும் போதும்.

1. வாளி (மக்கும் குப்பை): காய்கறித் தோல், கெட்ட பழம், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வாழை இலை, பூச்சரம், சருகு. தினமும் எருக்குழிக்குப் போக வேண்டும். பூச்சரத்தில் உள்ள பிளாஸ்டிக் நாரைக் கழற்றிவிட வேண்டும்.

2. சாக்கு (உலர்ந்த, மக்காத குப்பை): காகிதம், அட்டை, பாட்டில், தகரம், பால் கவர். பால் கவரை ஒருமுறை அலசி உலர்த்திப் போட்டால் நாற்றம் இராது, விலையும் கிடைக்கும். கவரின் மூலையை முழுவதும் நறுக்கி எறியாமல், ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சிறு துண்டுதான் எருவில் கலந்து வயலுக்கு வருகிறது.

3. டப்பா (கேடு தரும் குப்பை): டார்ச் செல், டியூப்லைட், காலாவதியான மாத்திரை, ஊசி, பிளேடு, பெயின்ட் டப்பா. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துத் தூய்மைப் பணியாளரிடம் தனியே ஒப்படைக்க வேண்டும். சானிட்டரி நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும்.

எதையும் கொளுத்துவது கூடாது. பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நம் வீட்டுக் குழந்தைகளே. மிஞ்சும் சாம்பலும் எருவுக்கு ஆகாது. விறகுச் சாம்பல் வேறு. பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேறு.

கடைகளோடு ஓர் ஏற்பாடு

வீட்டுக் குப்பையை மட்டும் நம்பினால் எருவின் அளவு போதாது. ஒரு வீட்டில் நாளைக்கு ஒரு கிலோ மக்கும் குப்பை சேர்கிறது என்று கொண்டால், நூறு வீட்டில் ஆண்டுக்கு 36 டன் சேரும். மக்கிய பின் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 12 டன் எரு. அதாவது இரண்டரை ஏக்கருக்குக்கூட முழு அளவு வராது. ஆனால் நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் அது நல்ல துணை.

கூடுதலாக வேண்டுமானால் உத்திரமேரூர் போன்ற பேரூர்களில் உள்ள கடைகளை நாட வேண்டும். காய்கறி மண்டி, ஓட்டல், கல்யாண மண்டபம், பூக்கடை, இளநீர்க் கடை ஆகியவை மக்கும் கழிவின் சுரங்கங்கள். முன்பு நகரத்து வீடுகளில் கழுநீர்ப் பானை வைத்து, மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போகும் வழக்கம் இருந்தது. அதே வழக்கத்தைப் புதிய முறையில் கொண்டுவரலாம். ஐந்தாறு உழவர்கள் சேர்ந்து ஒரு காய்கறி மண்டியோடு பேசி, டிரம் ஒன்றை நாமே வைத்து, நாள் தவறாமல் எடுத்து வரலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: "டிரம்மில் பிளாஸ்டிக் விழுந்தால் எடுக்க மாட்டோம்." கடைக்காரருக்கு நாற்றம் குறையும்; நமக்குச் சத்து திரும்பும். சுத்தமானதைத்தான் எடுப்பேன் என்று சொல்லும் உரிமை எடுத்துச் செல்பவருக்கு உண்டு. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஓட்டல் கழிவில் உப்பும் எண்ணெயும் மிகுதி. ஆகவே அதை மொத்தக் குவியலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். கோழி, மீன் கழிவுகளைத் திறந்த குவியலில் போட்டால் நாயும் ஈயும் சேரும், தவிர்ப்பது நல்லது. பிளாஸ்டிக் பூசிய காகித இலையும் காகித டம்ளரும் மக்கும் பொருள்கள் அல்ல. அவற்றை வாழை இலையோடு கலக்கவிடாதீர்கள்.

எருக்குழி அமைக்கும் முறை

1. மேடான, நிழலான இடத்தில் 3 அடி ஆழம், 6 அடி அகலம், தேவையான நீளத்தில் குழி எடுக்கவும். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் நீர் தேங்கும். அப்பருவத்தில் குழிக்குப் பதிலாகத் தரைக்கு மேல் குவியலாகப் போட்டுக் கூரை அமைக்கவும்.

2. அடியில் அரை அடி உயரத்துக்கு வைக்கோல் கூளம், கரும்புத் தோகை, சருகு பரப்பவும். அதன்மேல் பச்சைக் காய்கறிக் கழிவை அரை அடி பரப்பவும். சாணக் கரைசல் தெளித்து, மேலே சிறிது மண் தூவவும். இவ்வாறு மாற்றி மாற்றி அடுக்கவும். கூளத்தில் கரிச்சத்து மிகுதி. காய்கறிக் கழிவிலும் சாணத்திலும் தழைச்சத்து மிகுதி. இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும்.

3. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் கிடைத்தால், ஒரு டன் கழிவுக்கு 2 கிலோவை 20 லிட்டர் நீரில் கரைத்து அடுக்குகளில் தெளிக்கவும்.

4. கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. அதுவே சரியான ஈரம்.

5. சில நாள்களில் குவியலின் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். ஓர் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் தொட முடியாதபடி சுட வேண்டும். இந்தச் சூடுதான் களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அழிக்கிறது. சூடு வராவிட்டால் ஈரமோ சாணமோ குறைவு என்று கொள்க.

6. பதினைந்து நாள்களுக்கு ஒரு முறை புரட்டிவிடவும். மூன்று முதல் நான்கு மாதங்களில் எரு தயாராகும். சித்திரையில் குழி போட்டால் சம்பா நடவுக்கு உதவும்.

நகர எரு வாங்குமுன்

நுண் உரமாக்கும் மையங்களிலும் பேரூராட்சிகளின் வளம் மீட்புப் பூங்காக்களிலும் தயாராகும் எருவை வாங்க நினைப்பவர்கள் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்ய வேண்டும்.

முகர்ந்து பாருங்கள். மழைக்குப் பின் எழும் மண்வாசனை வர வேண்டும். அழுகல் நாற்றமோ மூக்கைத் துளைக்கும் காரமோ இருந்தால் அது மக்கவில்லை.

சலித்துப் பாருங்கள். 10 கிலோ எருவை எடுத்துச் சலித்து, மேலே நிற்கும் பிளாஸ்டிக், கண்ணாடித் துண்டுகளை நிறுக்கவும். அது 100 கிராம் இருந்தால் ஏக்கருக்கு 5 டன் இடும்போது 50 கிலோ வயலில் சேரும். அத்தகைய எருவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விதைத்துப் பாருங்கள். எருவும் வயல் மண்ணும் சம அளவு கலந்து ஒரு தொட்டியிலும், வெறும் மண்ணை மற்றொரு தொட்டியிலும் நிரப்பி, இருபது இருபது பச்சைப் பயறு விதைக்கவும். எருத் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ இலை கருகினாலோ அந்த எரு பயிருக்கு ஆகாது.

பரிசோதனை அறிக்கை கேளுங்கள். நகரக் கம்போஸ்டில் கார-அமில நிலை 6.5 முதல் 7.5-க்குள்ளும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4-க்கு மிகாமலும், கரி-தழைச்சத்து விகிதம் 20-க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஈயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, பாதரசம் 0.15 மில்லிகிராம் என்பவை கிலோவுக்கு உள்ள உச்ச வரம்புகள்.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாகக் கலந்து கிடந்த குப்பைமேடுகளை இப்போது பல நகரங்களில் பயோமைனிங் முறையில் தோண்டிச் சலிக்கிறார்கள். அப்போது கருமையான மண் கிடைக்கும். பார்ப்பதற்கு எருப் போலவே இருக்கும். பரிசோதிக்காமல் அதை உணவுப் பயிர் விளையும் நிலத்தில் இடவே கூடாது.

வயலில் நாம் உண்டாக்கும் குப்பை

பூச்சிமருந்து டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலியான டப்பாவை மூன்று முறை நீர் விட்டு அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும். பின்னர் டப்பாவைத் துளையிட்டு, மறுபடி எவரும் பயன்படுத்த முடியாதபடி செய்ய வேண்டும். 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், இவற்றை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்றும், உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. கிணறு, ஏரி, வாய்க்கால் அருகே புதைக்க வேண்டாம். அதில் தண்ணீரோ எண்ணெயோ மாட்டுத் தவிடோ வைப்பது உயிருக்கு ஆபத்து. சொட்டுநீர்க் குழாய், நிலப்போர்வைத் தாள் ஆகியவற்றைப் பருவம் முடிந்ததும் சுருட்டி எடுத்து விற்றுவிடுங்கள். உழவில் கிழிந்து மண்ணில் புதைய விடாதீர்கள்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

ஒரு வீடு பிரித்து, அடுத்த வீடு பிரிக்காவிட்டால் வண்டியில் எல்லாம் கலந்துவிடும். ஊராட்சித் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வருகிறார்கள். நாம் பிரித்துக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை. கலந்த குப்பையில் கைவிட்டுக் கண்ணாடியையும் ஊசியையும் பொறுக்குபவர்கள் அவர்களே. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மீண்டும் கலந்துவிடுகிறார்கள் என்றால், வீட்டுக்குள் குறை பேசாமல் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். இரண்டு தடுப்பு உள்ள வண்டி, பொது எருக்குழிக்கு இடம், தயாரான எருவை ஊர் உழவர்களுக்கே முதலில் தரும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் தீர்மானமாக வையுங்கள். ஏரிக்கரையிலும் வரத்துக் கால்வாயிலும் குப்பை கொட்டுவதில்லை என்பதையும் அதில் சேருங்கள். கால்வாயில் கொட்டிய பாலிதீன் மதகை அடைக்கும். மதகு அடைத்தால் கடைமடை காயும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை முறையில் ஆள் தேர்ந்து, ஏரிக்கு ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம் என்று ஊரார் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டதை அவை கூறுகின்றன. பொதுச் சொத்தைக் காப்பது ஊரின் வேலை என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த மண் இது. இன்று ஊர்க் குப்பைக்கும் அப்படி ஐந்து பேர் பொறுப்பெடுத்துக்கொண்டால் போதும். அதில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். வீட்டுக் கூடை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அன்பார்ந்த உழவர்களே! நகரம் முழுவதும் திருந்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே உங்கள் எருக்குழியைக் கிளறி, அதில் உள்ள பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். நாளைக் காலை அடுக்களையில் இரண்டாவது வாளி ஒன்றை வையுங்கள். மூன்று மாதம் இப்படிச் சேர்த்த எருவை ஒரு சென்ட் நாற்றங்காலில் இட்டுப் பாருங்கள். நாற்றின் வேரைப் பறித்துக் கழுவும்போது கையில் மண் மட்டும் வரும், பாலிதீன் வராது. அந்த எருவைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் கேட்பார், அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.